புதுக் காரின் பிலிமும் கோட்டிங்கும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே கூப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சாலைகளின் குணம் தெரியும். முன்னால் மணல் லோரி, பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி, இரண்டு பக்கமும் செம்மண். மத்தியானம் சுட்டெரிக்கும் வெயில், நாலு மணிக்குக் கொட்டும் மழை, மழை விட்டதும் மறுபடி வெயில். பட்டணத்துக் கடையில் பிலிமும் கோட்டிங்கும் போட்டு எடுத்து வந்த புது மைவிக் காரோ சாகாக் காரோ ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு கறையைக் காட்டும். காட்டியதும் பாலிஷ் டப்பாவைத் தேடுவதுதான் பெரிய தப்பு. அந்தக் கறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் தேய்த்தால் நல்ல அடுக்கும் சேர்ந்து போகும்.

அடுக்குக் கணக்கு இதுதான். தொழிற்சாலையில் அடித்த சாயம் பெரும்பாலான கார்களில் மொத்தமாக 100 முதல் 140 மைக்ரான். தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மயிர் தடிமன். அதன் மேற்பகுதியில் 35 முதல் 50 மைக்ரான் வரை கிளியர் கோட் என்னும் நிறமில்லாத மேல்பூச்சு. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தேய்த்து எடுத்தால் திரும்ப வளராது. செராமிக் கோட்டிங் அதற்கு மேல் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டும். பிபிஎஃப் என்னும், சாயத்தின் மேல் ஒட்டும் பாதுகாப்பு பிலிம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது முழுச் சாயத்தையும்விடத் தடிமன். ஆகவே கல்லடியைத் தாங்குவது பிலிம். கோட்டிங் தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாமல் செய்யும், அவ்வளவுதான். விளம்பரத்தில் வரும் "9ஹெச் கடினம்" என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கடினமான பென்சில் கீறவில்லை என்று பொருள்; மணல் லோரியிலிருந்து பறக்கும் கல்லுக்கு அது பதில் சொல்லாது.

கறையைத் தொடுவதற்கு முன் காரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, உடம்பு ஆறிய பிறகு நாலு சோதனை செய்யுங்கள். கைப்பேசி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் நன்றாகத் தெரியும். நகத்தை மெதுவாக ஓட்டுங்கள்: மேடாக இருந்தால் மேலே ஒட்டிய பொருள், பள்ளமாக இருந்தால் அரித்தது. கடைசியாகத் தண்ணீர் தெளித்து அது உருள்கிறதா, படர்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் உருளாமல் தட்டையாக நிற்கிறது

கோட்டிங் போட்ட இரண்டு மூன்று மாதத்தில் வரும் புகார் இது. "கோட்டிங் செத்துப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் சாகவில்லை, மூடிக்கிடக்கிறது. சாலைப் புகை, எண்ணெய்ப் படலம், பிரேக் தூசி எல்லாம் மெல்லிய தோலாகப் படிந்து கோட்டிங்கை மறைத்துவிடும். கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் தண்ணீர் படர்ந்து மேல்பாதியில் உருண்டால் சந்தேகமே வேண்டாம், சாலைப் படலம்தான். கூரையிலும் பானெட்டிலும் மட்டும் படர்ந்தால் தண்ணீரின் உப்புப் படிவாக இருக்கலாம்.

அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கார் ஷாம்பூவில் ஒருமுறை கழுவுங்கள். பிறகு இரும்புத்தூசி நீக்கியை ஒரு பலகைக்கு (கதவு, பானெட் போன்ற ஒரு பாகத்துக்கு) மட்டும் அடித்து மூன்று நிமிடம் விடுங்கள், காயவிடாதீர்கள். இரும்பு இருந்தால் ஊதாவாக வழியும். நன்றாக அலசுங்கள். அந்தப் பலகையில் தண்ணீர் மறுபடி உருண்டால் மற்ற பலகைகளுக்கும் அதையே செய்து, மேலே போடும் செராமிக் ஸ்ப்ரேயை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும். உப்புப் படிவு இதற்குக் கரையாது. அதை அடுத்த பகுதியில் சொன்னபடி எடுங்கள்.

இரண்டும் செய்து பார்த்தும் எந்தப் பலகையிலும் உருளவில்லை, கதவுப்பிடிக்குப் பின்னால்கூட இல்லை என்றால், கடைக்காரர் பூசியது வேக்ஸ் மட்டும்தானா என்று கேட்க வேண்டியிருக்கும். கார் வாங்கும்போது இலவசமாகக் கிடைக்கும் கோட்டிங்கில் இந்தச் சந்தேகம் நியாயமானது. பொருளின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி மூன்றும் ரசீதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: சில கடைகளின் ஸ்னோ வாஷ் நுரையிலேயே பளபளப்புச் சரக்கு கலந்திருக்கும். கழுவிய அன்று உருளும் தண்ணீரை வைத்துக் கோட்டிங்குக்கு மார்க் போடாதீர்கள்.

வெள்ளை வட்டங்கள்

தோட்டப்புறத்தில் அதிகம் வருவதும், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். துளி காயும்போது தண்ணீர் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் வட்டமாக நிற்கும். கோட்டிங் போட்ட காரில் துளி உருண்டையாகத் தேங்குவதால் வட்டம் இன்னும் தெளிவாக விழும். காசு கொடுத்துப் போட்டது கறையைக் கூட்டுகிறதே என்று தோன்றும், ஆனால் அந்தக் கறை சாயத்தில் இல்லாமல் கோட்டிங்கின் மேல் நிற்கிறது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குச் சில இடங்களில் இரும்பும் சேர்ந்து வரும். வட்டம் பழுப்பாக இருக்கும். மழையைத் திட்ட வேண்டாம். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. காரின் மேல் ஏற்கெனவே இருந்த தூசியைக் கரைத்து, பின்னால் வரும் வெயிலில் சுட வைப்பதுதான் அது செய்யும் வேலை.

சமையல் வினிகரில் சமபங்கு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து மைக்ரோஃபைபர் துணியை நனையுங்கள். ஆறிய பலகையில் வட்டத்தின் மேல் துணியைப் பரப்பி ஒன்று முதல் இரண்டு நிமிடம் விடுங்கள். தேய்க்க வேண்டாம், கரையட்டும். எடுத்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பூ போட்டுக் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். இரண்டு முறைக்குப் போகவில்லை என்றால் கடையில் விற்கும் நீர்க்கறை நீக்கி. சூடான பானெட்டில் வினிகர் படக்கூடாது. வெயிலில் நின்ற கறுப்பு பானெட் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஊற்றியதும் காய்ந்து அதுவே புதுக் கறையாகும்.

அதற்குப் பிறகும் வட்டம் தெரிந்து, நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது. பிலிம் மேல் என்றால் காரை ஒரு மத்தியானம் வெயிலில் விட்டுப் பாருங்கள். நல்ல பிலிமின் மேல்தோல் சூட்டில் இளகி, சில சமயம் பள்ளம் நிரவிவிடும். கோட்டிங் மட்டும் போட்ட சாயம் என்றால் நைஸ் பாலிஷ்தான் வழி. பாலிஷ் போட்ட இடத்தில் கோட்டிங்கும் போய்விடும், அந்தப் பலகைக்குத் திரும்பப் பூச வேண்டும்.

தடுக்க வேண்டுமா? கடைசி அலசலுக்கு மட்டும் ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் கழுவி முடியுங்கள்.

டார்ச்சில் வானவில் திட்டு

இது வீட்டில் கோட்டிங் போட்டவர்களின் கோளாறு. கடையில் அவசரப்பட்டாலும் வரும். பூசிய திரவம் கூடுதலாக நின்று, துடைப்பதற்குள் இறுகிவிட்டது. பாட்டிலில் "ஐந்து நிமிடம் விடவும்" என்று எழுதியிருந்தால் அது குளிர்நாட்டுக் கணக்காக இருக்கலாம். நம் ஊரில் ஈரப்பதம் அதிகம், பெரும்பாலான கோட்டிங் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதனால் 40 செ.மீ.க்கு 40 செ.மீ. என்று சின்னக் கட்டமாகப் பூசி, எண்ணெய் வியர்த்தது போல மினுமினுக்கத் தொடங்கியதும் துடைக்க வேண்டும். ஒரு துணியால் எடுத்து, இன்னொரு சுத்தமான துணியால் மெருகு. 30 மில்லி பாட்டில் ஒரு மைவிக்கு ஓர் அடுக்குக்குப் போதும், மிச்சமும் இருக்கும். முழுவதையும் தீர்க்கப் பார்ப்பவர்களுக்குத்தான் திட்டு விழுகிறது.

சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் அதே கோட்டிங்கை இரண்டு சொட்டு அந்தத் திட்டின் மேல் தடவி, இளகியதும் துடையுங்கள். மறுநாளாகிவிட்டால் நைஸ் பாலிஷால் எடுத்து, ஐசோபிரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் நாலு பங்கு கலந்து துடைத்து, அங்கே மட்டும் திரும்பப் பூசுங்கள். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. மழைக்காலத்தில் காருக்குக் கூரை இல்லாத வீட்டில் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. பூசிய துணிகளைத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். காய்ந்த கோட்டிங் துணியில் கண்ணாடித்தூள் மாதிரி நிற்கும்.

பிலிமுக்கு அடியில் குமிழ்

பிலிம் ஒட்டும்போது சாயத்துக்கும் பசைக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் இருக்கும். அதை ரப்பர் வழிப்பானால் தள்ளித்தான் ஒட்டுகிறார்கள், கொஞ்சம் நிற்கும். விரலால் அழுத்தினால் நகர்வது தண்ணீர்க் குமிழ். கண்ணாடி போலத் தெளிவாகவோ லேசான பாலாகவோ தெரியும். நம் வெயிலில் ஒன்றிரண்டு வாரத்தில், தடித்த இடத்தில் ஒரு மாதத்தில், தானே வற்றும். கையை வைக்காதீர்கள். வீட்டில் ஊசி எடுத்துக் குத்தி, அந்த ஓட்டை வழியாகச் செம்மண் தூசி உள்ளே போன கார்கள் நிறைய.

அழுத்தினால் நகராமல் வெள்ளி மாதிரி மின்னுவது காற்று. அது வற்றாது. நடுவில் கறுப்புப் புள்ளியோடு கூடாரம் போட்டு நிற்பது தூசி, அதுவும் போகாது. வில் வில்லாக வளைந்த கோடு தெரிந்தால் ஒட்டிய பிலிமைத் தூக்கித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள், பசையில் விழுந்த தடம் அது. பம்பர் மூலையில் மயிர் மயிராகக் கோடு ஓடினால் அளவுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள். இந்த நாலும் ஒட்டியவரின் வேலைக் குறை. காரை எடுக்கும் அன்றே நிழலில் பலகை பலகையாக டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒன்றிரண்டு தூசிப் புள்ளிகளை மன்னிக்கலாம். அறை முழுக்கக் காற்றை வடிகட்டினாலும் அது வரும். பானெட்டின் நடுவில் பத்து இருந்தால் அந்தத் துண்டை மாற்றச் சொல்லுங்கள்.

விளிம்பில் சிவப்புக் கோடு

பிலிமின் வெட்டு ஓரத்தில் பசை கொஞ்சம் வெளியே தெரியும், செம்மண் அதில் போய் ஒட்டும். வெள்ளைக் காரில் குங்குமக் கோடு இழுத்தது போல இருக்கும். மேலே சொன்ன ஒன்றுக்கு நாலு ஆல்கஹால் கலவையைத் துணியில் எடுத்து, பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தில் சுற்றி, கோட்டின் நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே இழுத்தால் விளிம்பு எழும்பும். மாதம் ஒருமுறை செய்தால் கோடு பழையதாகாது.

விளிம்பே தூக்கிக்கொண்டு நின்றால், பசை இன்னும் சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அடியில் அதே கலவையைத் தெளித்து, ஹேர் டிரையரால் கை பொறுக்க மாட்டாத சூடு வரும்வரை காட்டி, துணி சுற்றிய விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நாள் கழுவாதீர்கள். மண் ஏறிவிட்டால் அது ஒட்டாது. கடையில் அந்த ஓரத்தை நறுக்கிவிடுவார்கள். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். பிலிமோடு சேர்த்துச் சாயத்தையும் கடித்துக்கொள்ளும்.

ஓரம் தூக்க முக்கியக் காரணம் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கி. முனையை 30 செ.மீ.க்கும் கிட்டே கொண்டுபோய் ஓரத்தைப் பார்த்து அடித்தால் எந்தப் பசையும் விட்டுவிடும். பிலிம் போட்ட முதல் ஏழு நாள் கழுவவே வேண்டாம்.

பூஜைக் கறை

புதுக் கார் என்றால் கோயிலுக்குப் போகாமல் இருக்குமா? பானெட்டில் சந்தனம், மஞ்சள், குங்குமம், மேலே மாலை. வெள்ளைப் பிலிமில் மறுநாள் மஞ்சள் கைரேகை நிற்கும். மஞ்சள்தூளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. கழுவிவிட்டு நாலைந்து நாள் வெயிலில் விட்டால் தானே வெளிறும். கடைக் குங்குமம் அப்படி இல்லை. பலவற்றில் செயற்கைச் சாயம். ஈரத்தோடு பிலிமின் மேல்தோலில் ஊறினால் இளஞ்சிவப்பு நிழல் தங்கிவிடும். அன்றைக்கே கழுவுங்கள். தங்கிவிட்டால் ஆல்கஹால் கலவையில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து ஒற்றுங்கள், இரண்டு மூன்று முறை. பாலிஷ் வேண்டாம். விபூதி கறை போடாது, ஆனால் காய்ந்த தூளைத் துணியால் துடைத்தால் கீறும். தண்ணீர் விட்டே எடுக்கவும்.

பொட்டைக் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொன்னால் குருக்கள் மறுக்க மாட்டார். மாலை கட்டும் கம்பிதான் உண்மையில் அதிகம் கீறுகிறது. நூலில் கட்டச் சொல்லுங்கள்.

பிலிம் மஞ்சளாகிறது

முழுதும் ஒரே சீராக மஞ்சளாகி, கழுவினாலும் ஆல்கஹாலில் துடைத்தாலும் அசையவில்லை என்றால் பிலிமின் சரக்கே மாறுகிறது. நல்ல பிலிம் டிபியு என்னும் பாலியூரித்தேன். டிபிஹெச் என்ற பெயரில் மலிவாக விற்பது பெரும்பாலும் பிவிசி வகை. அதை மென்மையாக்கும் சரக்கு வெயிலில் வெளியேறினால் மஞ்சளாகும், சுருங்கும், விறைக்கும். விறைத்த பிலிமைக் கழற்றுவது பெரும்பாடு. வாங்கும் முன் மிச்சத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியு ரப்பர் மாதிரி நீண்டு மெதுவாகத் திரும்பும். திட்டுத் திட்டாக மட்டும் மஞ்சள் என்றால் மேலே படிந்த அழுக்கு. இரும்புத்தூசி நீக்கியும் ஆல்கஹாலும் பெரும்பாலும் எடுத்துவிடும்.

பறவை எச்சம்

மைனா, காகம், கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கடைவீடுகள் என்று நமக்குப் பஞ்சமில்லை. எச்சத்தின் யூரிக் அமிலம் ஒரு பக்கம். வெயிலில் இளகிய கிளியர் கோட், காய்ந்து இறுகும் எச்சத்தோடு சேர்ந்து சுருங்குவது இன்னொரு பக்கம். மத்தியான வெயிலில் சில மணி நேரமே போதும். ஈரத் திசுக்காகிதத்தைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். காரில் ஒரு தண்ணீர் பாட்டிலும் திசுப் பெட்டியும் இருந்தால் பாதிக் கோட்டிங் வேலை முடிந்தது.

ரப்பர் பால், தார், ஆலைக் கரி

பால் ஈரமாக இருந்தால் தண்ணீரே போதும். காய்ந்துவிட்டால் அவசரப்படாதீர்கள், நன்றாக ரப்பராகட்டும், பிறகு கட்டைவிரலால் உருட்டினால் சுருண்டு வந்துவிடும். பிளேடு, நகம் வேண்டாம். காய்ந்த காலத்தில் ரப்பர்க் காய் வெடித்துக் கொட்டையை எறியும் என்பது பால்மரத்தடியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கூரையில் வரும் சின்ன நெளிவுக்கு எந்தப் பிலிமும் பொறுப்பில்லை.

தாருக்குத் தார் நீக்கி, துணியில் எடுத்து அரை நிமிடம் ஒற்றி, உடனே ஷாம்பூ. பிலிம் ஓரத்தில் நேரடியாக ஊற்றினால் பசை ஊதிவிடும். செம்பனை எண்ணெய்த் துளிக்குக் கொஞ்சம் சூடான சோப்புத் தண்ணீர் போதும்.

செம்பனை ஆலைக் கொதிகலனில் கொட்டை ஓட்டையும் நாரையும் எரிக்கிறார்கள். காற்று திரும்பும் நாளில் கரித்துகள் காரின் மேல் கறுப்பு மிளகு தூவியது போல விழும். அதை இறகுத் துடைப்பத்தால் தட்டுவது மணல்காகிதம் போடுவதற்குச் சமம். புகைமூட்டக் காலத்துச் சாம்பலும் அப்படியே. நிறையத் தண்ணீர் விட்டு அடித்த பிறகுதான் துணி.

சிலந்தி வலைக் கீறல்

வெயிலில் பானெட்டில் வட்ட வட்டமாகத் தெரிவது கழுவும் துணி போட்டது. டயரைத் துடைத்த துணியே கூரைக்கும் வரும் கடைகள் உண்டு. மேலிருந்து கீழாக மூன்று நிமிடம் தண்ணீர், பிறகு நுரை நாலைந்து நிமிடம், மறுபடி தண்ணீர். அதற்குப் பிறகு பத்து லிட்டர் வாளி இரண்டு, ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் கையுறையை அலச. செம்மண் அதிகம் படிந்த அடிப்பகுதிக்குத் தனிக் கையுறை. பிலிமில் விழுந்த மெல்லிய கீறல் வெயிலிலோ சுடுதண்ணீரிலோ மறையும். தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. சாயத்தில் விழுந்தது பாலிஷுக்குத்தான் போகும். காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசை ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் எடுக்கும். தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்தால் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்லடி

பிலிமில் வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் சூடு காட்டிப் பாருங்கள். பிலிம் கிழிந்து அடியில் உலோகம் தெரிந்தால் விடக்கூடாது. ஓட்டைக்குள் தங்கும் ஈரம் துருவைப் பிலிமுக்கு அடியிலேயே பரப்பும். அந்தத் துண்டைக் கழற்றி, சாயத்தைச் சரிசெய்து, புதுத் துண்டு போடுவதே வழி. பிலிம் இல்லாத இடம் என்றால் ஆல்கஹாலில் துடைத்து, காரின் சாய எண்ணுக்குரிய டச்-அப் சாயத்தைப் பல்குச்சி முனையில் எடுத்து, பள்ளத்துக்குள் மட்டும் மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டு வையுங்கள்.

முழுக் காருக்கும் காசு இல்லை என்றால் முன் பம்பர், பானெட், முன் மட்கார்டு, பக்கக் கண்ணாடியின் முதுகு, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, கதவுப்பிடிக் குழி ஆகியவற்றுக்கு மட்டும் பிலிம் போடுங்கள். பின் கதவுக்கும் கூரைக்கும் கோட்டிங் போதும்.

பிலிமைக் கழற்ற வேண்டி வந்தால்

சூடு காட்டி, பிலிமை அதன் மேலேயே மடித்துப் படுத்தவாக்கில் மெதுவாக இழுக்க வேண்டும்; நிமிர்த்தி இழுத்தால் பசை தங்கும். தொழிற்சாலைச் சாயம் இதைத் தாங்கும். பட்டறையில் திரும்ப அடித்த சாயம் தாங்குமா என்பது யார் அடித்தார், எவ்வளவு காயவிட்டார் என்பதைப் பொறுத்தது. புதிதாக அடித்த பலகைக்குக் குறைந்தது 30 நாள் கழித்தே பிலிம். புதுக் கார்தானே என்று நம்ப வேண்டாம், ஏற்றி இறக்கும்போது இடித்துத் திரும்ப அடித்த கார்களும் உண்டு. பிலிம் ஒட்டும் முன்பே கடைக்காரரின் தடிமன் மானியை ஒவ்வொரு உலோகப் பலகையிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவை 120 காட்டும்போது ஒன்று மட்டும் 200 காட்டினால் அந்தப் பலகையில் மானி காட்டிய அளவை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு ஒட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் அந்த மானி வேலை செய்யாது.